மைக் இருந்த இடம்

பதினாறு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் என் கிட்டாருக்குப் பாடிவந்த என் மனைவி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பெட்டி மேடைக்கு வந்துச்சுன்னா இனிமே நான் வரலைங்க."

சண்டை போடும் குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகக் கடைக்குப் போயிருப்பேன். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் சமாளித்துவிடலாம். முடிவெடுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டி என்று அவள் சொன்னது என் ஆம்ப்ளிஃபையரை. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டினால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். கம்பியின் அதிர்வை வாங்கி ஊரைக் கூட்டுகிற சத்தமாக்குவது ஆம்ப்தான். என்னுடையது வால்வு வைத்தது. பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். மொத்தம் இருபத்திரண்டு கிலோ. சூடேற ஐந்து நிமிடம் ஆகும். சத்தக் குமிழை நாலில் வைத்தால் தூங்கும், ஐந்தில் கொட்டாவி விடும், ஏழில்தான் கண் விழிக்கும். வால்வுகள் திணற ஆரம்பிக்கிற அந்த இடத்தில் ஒரு கரகரப்பு வரும். நான் வாசிப்பதே அந்தக் கரகரப்புக்காகத்தான். ஆகவே என் பெட்டி எப்போதும் ஏழில் இருக்கும். குழுவில் எனக்கு 'ஏழாம் நம்பர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

"சத்தம் ஜாஸ்தின்னு சொல்றியா?" என்றேன்.

"ஆமா."

"பதினாறு வருஷமா இல்லாத சத்தம் இன்னைக்குத்தான் வந்துச்சா?"

அவள் என் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "என் தம்பிகிட்ட ஏதோ ஒரு வழி இருக்காம். கேட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா பெட்டியத் தூக்கிட்டு நீங்க போங்க. பாடுறதுக்கு வேற யாரையாவது பாத்துக்கலாம்."

வேறு யாராவது. நான் அவளை முதன்முதலில் பார்த்ததே அந்த மேடையில்தான். அவள் குரல் வந்து உட்கார இடம் விட்டு வாசித்து வாசித்தே என் கை பழகியிருக்கிறது. அவள் இல்லாமல் அங்கே நிற்பதை நினைத்துப் பார்த்தேன், பயமாக இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான். கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

என்னுடையது கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதித்து, பவர் எழுதி, ஃபிரேம் மாட்டி அனுப்புவேன். நாள் முழுக்க ஒரு இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் பிழைப்பு. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" ஒரு லென்ஸ், அடுத்த லென்ஸ், மறுபடி பழைய லென்ஸ். அவளுக்குத் தபால் நிலையக் கவுண்டரில் வேலை. நாலாம் கவுண்டரில் இருந்தவள், போன வருடம் மேலதிகாரியிடம் கேட்டு ஒன்றாம் கவுண்டருக்கு மாறிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "அங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள். கண்ணுக்கு நல்லது என்று நானும் பாராட்டிவைத்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஊழியர் மன்றத்தின் நடனக் கூடத்தில் எங்கள் நிகழ்ச்சி. மேடை இரண்டு அடுக்கு. பின்னடுக்கு முன்னடுக்கைவிட இடுப்பு உயரம் கூடுதல். அதில் டிரம்ஸ்காரர், பேஸ் கிட்டார்காரர், விளிம்பில் என் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் நான். முன்னடுக்கில் அவள் மட்டும், பெட்டி இடது தோளுக்குப் பின்னால் வர, உயரமான ஸ்டூலில், மேலிருந்து விழுகிற ஒற்றை விளக்கின் கீழே. அந்த ஸ்டூலுக்காகத் தரையில் டேப் ஒட்டிப் பெருக்கல் குறி போட்டிருப்பவன் நான்தான். கொஞ்ச வருடமாக அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. பாட்டுக்குப் பாட்டு ஸ்டூலை வலப்பக்கமாகச் சாண் சாணாக நகர்த்துவாள். முகம் விளக்கு வட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். இடைவேளையில் நான் இறங்கிப் போய், "எத்தனை தடவ சொல்றது? மூஞ்சி இருட்டடிக்குதுன்னு தெரியலையா?" என்று சிடுசிடுத்துவிட்டு ஸ்டூலைப் பெருக்கல் குறி மேல் இழுத்துப் போட்டுவிட்டு வருவேன். அவள் மறுபடி ஏறி உட்கார்ந்து பாடுவாள்.

டிரம்ஸ்காரர் போன வருடமே ரப்பர் தட்டுகளுக்கு மாறிவிட்டார். அவர் அடிப்பது ஒலிபெருக்கியில்தான் கேட்கும், பக்கத்தில் நின்றால் சப்பாத்தி தட்டுகிற சத்தம்கூட வராது. பேஸ்காரர் வயரை நேரே கூடத்து ஒலிபெருக்கிக்குப் போகிற மிக்ஸரில் சொருகிவிடுகிறார். ஆக மேடையில் உண்மையாகவே சத்தம் போடுகிற ஒரே ஆசாமி நான்தான். அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

மைத்துனன், அதாவது அவள் தம்பி, ஒலிப்பதிவு செய்கிறவன். டயர் கடை மாடியில் இரண்டு அறை வைத்திருக்கிறான். ஒன்றில் வாசிப்பார்கள், மற்றதில் அவன் உட்கார்ந்து பதிவு செய்வான். நடுவில் கண்ணாடி ஜன்னலும் தடித்த கதவும். அந்த வாரம் கூடத்தில் வேறு விழா, எங்களுக்கு நிகழ்ச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே டயர் கடை பூட்டியிருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அவன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்கப் பார்த்தான். விடவில்லை. ரோஷம். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் பின்னாலேயே தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, பதிவறை சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் காட்டிய வஸ்து சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. மேலே நாலு பொத்தான், ஒரு சின்னத் திரை.

"இதுக்குள்ள எத்தனை வால்வு?"

"ஒண்ணும் இல்ல அத்தான். எல்லாம் கணக்கு. உங்க ஆம்ப்புக்குள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு பாத்துக் கத்துக்கும். அப்புறம் அதே மாதிரி தானும் செய்யும்."

"மிமிக்ரின்னு சொல்லு."

"நல்ல மிமிக்ரி."

பெட்டியை வாசிப்பறைத் தரையில் வைத்து ஏழில் திருப்பிவிட்டேன். எட்டில் இருக்கும் ட்ரெபிள் குமிழையும், அதாவது சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற குமிழையும், தொட்டுச் சரிபார்த்தேன். மைத்துனன் ஒரு நாடாவை எடுத்துத் தரையில் அளந்தான். அளந்த இடத்தில் டேப் ஒட்டினான். அதன் மேல் மைக் ஸ்டாண்டை வைத்து, மைக்கை ஸ்பீக்கரின் உயரத்துக்கு இறக்கினான்.

"ஏன்டா இவ்வளவு தள்ளி வைக்கிற? எல்லாரும் ஸ்பீக்கர் வாயிலயே கொண்டுபோய் வைப்பாங்க."

"அளந்துதான் வச்சிருக்கேன்" என்றான், நிமிராமலே.

பிறகு அந்த டப்பா என் பெட்டிக்குள் என்னென்னவோ சத்தங்களை அனுப்பியது. சீறல், விசில், கீழிருந்து மேலே ஏறும் ஒரு ஊளை. என் பெட்டி பாவம், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில், கற்றுக்கொண்டாகிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. பதினாறு வருடத்தை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதாம். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"சரிடா. மாத்தி மாத்திப் பத்து தடவ போடு. பத்துலயும் எது என் பெட்டின்னு சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் பெட்டிய மேடைக்குக் கொண்டுவரல. எல்லாம் சரியாச் சொல்லிட்டா, உங்க அக்கா வாயத் தொறக்காம வந்து பாடணும்."

"பாடணும்னா வாயத் தொறந்துதானே ஆகணும்?" என்றாள் சோபாவிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. "சரி" என்றாள்.

முதல் சுற்றில் நான் வாசிப்பறையில் பெட்டிக்குப் பக்கத்தில் வழக்கம்போல நின்று வாசித்தேன். டப்பாவின் சத்தம் அருகிலிருந்த இன்னொரு ஸ்பீக்கரில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பத்துக்குப் பத்து. கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை.

மைத்துனன் உள்ளே வந்தான். "நீங்க காதால கேக்கல அத்தான். காலால கேக்குறீங்க."

"என்னடா உளர்ற?"

"உங்க ஆம்ப் ஒலிக்கிறப்ப ஸ்பீக்கர் காத்து உங்க கெண்டைக்கால்ல மோதுது. பேண்ட் துணியே ஆடுது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தப் பக்கம் வாங்க. ரெண்டையும் ஒரே ஸ்பீக்கர்ல கேளுங்க. அப்ப சொல்லுங்க."

நியாயம்தான். பதிவறைக்குப் போய் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டேன். பெட்டி அடுத்த அறையில், மூடிய கதவுக்குப் பின்னால். மைக் அதைக் கேட்டு இங்கே அனுப்பும். டப்பாவும் அதே ஸ்பீக்கரில் பேசும்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றான். நான் தினமும் பிறரைக் கேட்கிற கேள்வி. கேட்கப்படும்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் தடவை வாசித்ததுமே முகத்தைச் சுளித்தேன். காதில் ஊசி ஏற்றுகிற மாதிரி ஒரு சத்தம். "இது டப்பா. இதுகூடத் தெரியாதா?"

"உங்க ஆம்ப்."

அடுத்ததும் அதே ஊசிதான். பத்திலும் அதே ஊசி. எது குறைவாகக் குத்துகிறதோ அதுதான் என் பெட்டி என்று சொல்லிச் சொல்லி நாலு சரியானது. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் ஐந்தாவது வந்திருக்கும்.

"நீ சொல்லு" என்று அவள் பக்கம் திரும்பினேன். "பதினாறு வருஷமாக் கேக்கிறவ. எது நம்ம பெட்டி?"

மைத்துனன் இரண்டையும் போட்டான். அவள் யோசித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"அது சரி. பொறந்த வீட்டுப் பாசம் விடுமா?"

எனக்கு வேறு சாக்கு வேண்டியிருந்தது. "மைக் சரியில்லடா. என் பெட்டி இப்படிக் கத்தாது. நான் பக்கத்துல நின்னுதானே வாசிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"மைக் இருக்கிற இடத்துல எது கேக்குதோ அதைத்தான் மைக் சொல்லும். நீங்களே போய்ப் பாருங்க. இப்ப வாசிச்சது பதிவாகியிருக்கு, அதையே திருப்பி உங்க ஆம்ப்புக்குள்ள அனுப்புறேன். நீங்க கைய வீசிக்கிட்டுப் போய் மைக் பக்கத்துல உக்காருங்க, போதும்."

போனேன். அவன் மைக்கை எங்கே தப்பாக வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்து அவன் முகத்தில் கரி பூசவேண்டும் என்றுதான் போனேன். மைக்குக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, காதை அதன் உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

என் பெட்டியிலிருந்து நான் சற்றுமுன் வாசித்தது வந்தது. இரண்டாவது வாசிப்பில் கையால் காதைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவதில் எழுந்து விலகிவிட்டேன். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. எழுந்து என் வழக்கமான இடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதே பெட்டி, அதே வாசிப்பு. அங்கே அது வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. ஸ்பீக்கரின் கூர்மையெல்லாம் டார்ச் வெளிச்சம் போல நேரே முன்னால் போகிறது. நான் நிற்கிற இடத்தில் அது முழங்காலுக்குக் கீழே கடந்துபோய்விடும், என் காதுக்கு வருவது மிச்சம்தான். மிச்சம் மங்கலாக இருக்கிறதே என்று நான் ட்ரெபிளை எட்டுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். என் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஏற்றிய ஒவ்வொரு எண்ணும் நேர் எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நேர் எதிரே இருப்பது யார்?

தரையைப் பார்த்தேன். மைக் ஸ்டாண்டின் கீழே மைத்துனன் ஒட்டியிருந்த டேப் பெருக்கல் குறி. அங்கிருந்து பெட்டி வரை கையால் முழம் போட்டேன். இரண்டரை முழம். கூடத்தில் ஸ்டூலுக்கும் என் பெட்டிக்கும் இடையே இருப்பதும் இரண்டரை முழம்தான். அங்கே பெட்டி இடுப்பு உயர அடுக்கின் விளிம்பில் இருக்கும், அவள் ஸ்டூலில் இருப்பாள். மைக் இருந்த இடம் அவளுடைய இடது காது.

மைத்துனன் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கடைசி நிகழ்ச்சி அன்னைக்கு நீங்க டீ குடிக்கப் போனப்ப அளந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சொல்ல மாட்டேன்னுதான் அக்காகிட்ட சத்தியம் பண்ணினேன் அத்தான். மைக் வைக்க மாட்டேன்னு பண்ணல."

எதைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன் என்பதே சரி. குனிந்து ட்ரெபிளை எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன். "இதை இன்னொரு நகல் எடு" என்றேன். மறுபடி சீறல், விசில், ஊளை. இப்போது இரண்டு நகல். ஒன்று என் பழைய எட்டு, இன்னொன்று புதிய மூன்று. பதிவறையில் இரண்டையும் கேட்டேன். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

"இப்ப கேளு" என்று அவளிடம் சொன்னேன். "இதுவா, இதுவா?"

முதலில் எட்டு. பிறகு மூன்று.

"ரெண்டும்..." என்று நிறுத்தினாள். மைத்துனன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டாவது கொஞ்சம் மெதுவா இருக்கோ? இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

என் கடையில் மூன்று விதமான ஆட்கள் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். ஒருவருக்குப் பவர் சரியாக அமைந்திருக்கும். ஒருவருக்கு வீட்டுக்குப் போக அவசரம். இன்னொருவருக்கு எழுத்தே கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த மூன்றாவது ஆள் எழுத்தைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். பதிலை அங்கே தேடுவார். அதோடு தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணை முன்னால் கொண்டுவருவார். இருபது வருடமாக இவர்களை வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான்.

அவள் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, வலது கன்னத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தாள். சாப்பிடும்போது எனக்கு இடப்பக்கம் வந்து உட்கார ஆரம்பித்து எத்தனை மாதம் ஆயிற்று? போனை எந்தக் கையில் பிடிக்கிறாள்? ஒன்றாம் கவுண்டரில் ஆட்கள் எந்தப் பக்கம் வந்து நின்று பேசுகிறார்கள்?

கடையில் நான் யாரையும் நேரடியாகக் கேட்டு வெட்கப்படுத்துவதில்லை. ஒரு கண்ணை மூடச் சொல்வேன். அதையே செய்தேன். "வலது காதப் பொத்திக்கோ" என்றேன்.

அவள் கைப்பையை மடியில் வைத்தாள். பிறகு பொத்திக்கொண்டாள். மைத்துனன் எட்டைப் போட்டான், மூன்றைப் போட்டான். நான் எதுவும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"ரெண்டும் போர்வைக்குள்ள இருந்து வருது."

கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். காது டாக்டர் எழுதியது. பரிசோதனைத் தாள் படிப்பது எனக்குப் புதிதில்லை. இரண்டு கோடுகள். இடது காதின் கோடு பாதி வரை சமமாகப் போய், கூர்மையான சத்தங்கள் தொடங்குகிற இடத்தில் கீழே விழுந்திருந்தது. வலது காதின் கோடும் அதே இடத்தில் சரிய ஆரம்பித்திருந்தது.

"இடது இனிமே திரும்பாதாம்" என்றாள். "வலதையாவது காப்பாத்திக்கணுமாம். அதான் செவ்வாய்க்கிழமை அப்படிச் சொன்னேன்."

"காரணத்தச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அன்னைக்கே பெட்டிய வித்துட்டு, கிட்டாரப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் காதுக்குக் காவல் உக்காந்திருப்பீங்க. உங்க கோவம் எனக்குத் தெரியாதா? அடுத்தவங்க மேல வந்தா ஒரு மணி நேரம். உங்க மேலயே வந்தா வருஷக்கணக்கு." தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். "எனக்குப் பாடணும். நீங்க வாசிக்கணும். காது இருக்கிற வரைக்கும்."

"அந்த ஸ்டூலு..." என்றேன். அவள் சாண் சாணாக நகர்ந்ததும், நான் இறங்கி இறங்கிப் போய் அவளை அந்தத் தகரச் சத்தத்துக்கு நேராக இழுத்து உட்காரவைத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெளிச்சம் விழவேண்டும் என்றுதான் செய்தேன். அவமானத்தில் காது மடல் சுட்டது. மைத்துனன் ஏதோ வயரைச் சுற்ற வேண்டும் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டான். நான் அவள் பக்கத்தில், வலப்பக்கத்தில், போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கோ" என்றேன். பதினாறு வருடத்தில் நான் சொல்லிப் பழகாத வார்த்தை அது, வாயில் சரியாக உட்காரவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்க முயற்சி செய்தேன், கண்தான் கலங்கியது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு பக்கத்தை மைத்துனன் பிடித்தான். விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கிட்டாரையும் அந்தச் சாப்பாட்டு டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். டப்பாவுக்குள் ட்ரெபிளை மூன்றில் வைத்து எடுத்த நகல் இருந்தது. பின்னடுக்கின் விளிம்பு வெறிச்சென்று இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் மரத்தில் பதிந்திருந்தது. கிட்டாரை மாட்டிக்கொண்டு இரண்டு தட்டு தட்டினேன். கூடத்தின் ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் என் கெண்டைக்காலில் எதுவும் மோதவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். டப்பா என் பெட்டிதானா என்று இன்று கேட்டாலும், காதுக்கு ஆமாம், காலுக்கு இல்லை என்றுதான் சொல்வேன்.

பிறகு முன்னடுக்குக்கு இறங்கி, தரையில் மண்டி போட்டு, பெருக்கல் குறி டேப்பை நகத்தால் நெம்பி உரித்தேன். பல வருடத்து டேப், துண்டு துண்டாகத்தான் வந்தது. உரித்து முடிக்கும்போது அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க வேணாலும் போட்டுக்கோ" என்றேன்.

அவள் மேலே விளக்கைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். டேப் பசை ஒட்டியிருந்த அதே இடத்தில் கொண்டுபோய் வைத்து ஏறி உட்கார்ந்தாள். "இங்கதான் மூஞ்சி நல்லாத் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்" என்றாள்.

மைத்துனன் அவளுக்குக் காதில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும், இடுப்பில் சொருகிக்கொள்ள ஒரு குட்டிக் கருவியும் கொடுத்தான். அவள் பாட்டும் எங்கள் வாசிப்பும் இனிமேல் அதில்தான் அவளுக்குக் கேட்கும். எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை அவளே திருப்பிக்கொள்ளலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் போகாதபடி அவன் அதைப் பூட்டியிருந்தான். என் கிட்டாருக்கென்று தனியாக ஒரு குமிழ் இருந்தது. முழுக்கக் குறைத்தால் நான் அவளுக்குக் கேட்கவே மாட்டேன். குறைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

பெட்டி இல்லாதவன் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. நீளமான வயர் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். டப்பாவைப் பின்னடுக்கிலேயே விட்டுவிட்டு முன்னடுக்குக்கு இறங்கி, அவள் ஸ்டூலுக்கு வலப்பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் வலது காதுக் கருவியைக் கழற்றினாள். "என்ன இந்தப் பக்கம்?"

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கருவியை மாட்டிக்கொண்டு மைக் பக்கம் திரும்பினாள்.

கூடம் நிறைந்தது. முதல் பாட்டு மெதுவானது, நாங்கள் நூறு தடவைக்கு மேல் வாசித்தது. ஜோடிகள் ஆடத் தொடங்கினார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் என் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே அவள் கை இடுப்புக் கருவிக்குப் போனது. என் குமிழைத் தொட்டாள். திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்பினாள் என்று என்னால் பார்க்க முடியவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இன்னொரு தடவை திருப்பினாள்.

பாட்டு முடிந்து கைத்தட்டல் வந்தபோது அவள் வலது காதுக் கருவியைக் கழற்ற, அந்தப் பக்கம் குனிந்தேன். "கொறச்சியா?"

"ஏத்தினேன்."

நான் கிட்டாரின் கம்பிகளைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னால தனியா வாசிக்கிறீங்களே, அதுல கடைசில ஒரு சுரம் தப்பா விழுது."

"இன்னைக்கா?"

"என்னைக்கும் அப்படித்தானா என்னவோ. இன்னைக்குத்தானே எனக்குக் கேக்குது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். நான் அந்த இடத்தை மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஒருமுறை வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதுவா," என்று வேறு சுரத்தை வாசித்தேன், "இல்ல இதுவா?"

"ரெண்டாவது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.